ஒன்றுமே ஆகவில்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எரிமலைகள் பற்றிய உங்கள் கட்டுரை வாசித்தேன். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை வெடித்தபோது குழந்தைகளோடு ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டேன். கடைசியில் ஒன்றுமே ஆகவில்லை. வெறும் பீதிக்காக ஜனங்களை இப்படி அலைக்கழிக்கலாமா? இன்னொரு சந்தேகம். தலைமேல் அவ்வளவு பனி இருந்தும் எரிமலை ஏன் அணைவதில்லை? ஐஸ்லாந்தை ஒருமுறை பார்க்க ஆசை. எந்த மாதம் போகலாம்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

குழந்தைகளோடு விமான நிலையத் தரையில் படுப்பது கொடுமைதான். ஆனால் அந்த ‘ஒன்றுமே ஆகவில்லை’ இருக்கிறதே, அதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

முதலில் பனி. அது எரிமலையை அணைக்காது, இன்னும் மூர்க்கமாக்கும். உங்களை மாட்டவைத்த ஐஸ்லாந்து எரிமலையின் பெயர் ஏயாஃப்யாட்லாயோகுட்ல். அதன் உச்சியில் பனி சுமார் 200 மீட்டர் கனம். அடியிலிருந்து வந்த குழம்பு அதை உருக்கியது. உருகிய தண்ணீர் பட்டு, குழம்பு சட்டென்று குளிர்ந்து நொறுங்கிக் கண்ணாடித் தூளாக மேலே போனது. ஜெட் இன்ஜினுக்குள் அந்தத் தூள் மறுபடி உருகி ஒட்டிக்கொள்ளும். 1982இல் பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தபோது நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. நல்லவேளை, விமானம் சாம்பலுக்குக் கீழே இறங்கியதும் அவை திரும்ப ஓடத் தொடங்கின. உங்களைத் தரையில் உட்கார வைத்தது இந்தக் கணக்குதான்.

2010 ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தில் பனி உருகிய வெள்ளம் வருவதற்குள் சுமார் 800 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். மார்கர்ஃபிளியோட் ஆற்றுப் பாலத்தைக் காப்பாற்ற, நல்ல தார்ச்சாலையைத் தாங்களே இயந்திரம் வைத்து வெட்டித் தண்ணீருக்கு வழிவிட்டார்கள். யாரும் சாகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது சார்!

வேலை நடக்காத ஊர் ஒன்றும் உண்டு. கொலம்பியாவின் அர்மேரோ. 1985 நவம்பரில் சேற்று நீரில் கழுத்தளவு சிக்கி, மூன்று நாள் போராடி இறந்த ஓமைரா சாஞ்செஸ் என்ற 13 வயதுப் பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்களை நானும் மறக்கவில்லை. ஆனால் சமீபகாலமாக என்னைத் தூங்கவிடாதது அந்தப் படமல்ல, ஒரு வரைபடம். பக்கத்து எரிமலையான நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தால் சேறு எந்தெந்த வழியில் ஓடும் என்று விஞ்ஞானிகள் அக்டோபரிலேயே வரைந்து கொடுத்துவிட்டார்கள். அர்மேரோ அதில் இருந்தது. பீதி கிளப்புகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் திட்டு. 1845இல் இதே மலையிலிருந்து வந்த சேறு சுமார் 1000 பேரைக் கொன்றது. அது காய்ந்த மண்மேல்தான் ஊரே நின்றது.

நவம்பர் 13 மாலை சாம்பல் விழுந்தது. பயப்படாமல் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். இரவு 9 மணிக்குப் பிறகு வெடித்தது. பெரிய வெடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. மலையுச்சிப் பனியில் பத்தில் ஒரு பங்குதான் உருகியது. அந்தத் தண்ணீர்தான் சாம்பலையும் மண்ணையும் சேர்த்துக்கொண்டு சேறாக ஓடி வந்தது. சேறு ஊரை அடைந்தபோது மணி 11.30 இருக்கும். இடையில் இரண்டரை மணி நேரம்! மேட்டுநிலம் நடக்கிற தூரத்தில் இருந்தது. செத்தவர்கள் மொத்தம் 23,000 பேருக்கு மேல்.

இருபத்து மூன்று வருடம் கழித்து அதே நாட்டில் நெவாடோ டெல் ஊயிலா என்ற இன்னொரு எரிமலை வெடித்துப் பெரும் சேறு இறங்கியது. இந்தமுறை முன்கூட்டியே சொன்னார்கள், ஜனங்கள் மேடேறினார்கள். இறந்தவர்கள் சுமார் 10 பேர். இதையும் உலகம் ‘ஒன்றுமே ஆகவில்லை’ கணக்கில் எழுதி மறந்துவிட்டது. பத்து எச்சரிக்கை பொய்த்தாலும் பதினொன்றாவதற்கும் நான் எழுந்து ஓடத் தயார். உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் இருக்கட்டும்.

சரி, ஐஸ்லாந்து. ஜூன், ஜூலையில் போங்கள். காட்லா எரிமலைப் பக்கம் தங்கினால் இரவில் கைபேசியை அணைக்காதீர்கள், எச்சரிக்கை அதில்தான் வரும். வந்தால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறுங்கள். ஹோட்டல் காசு வீணாயிற்று என்று மட்டும் எனக்குக் கடிதம் போடாதீர்கள்.