கேளுங்கள், சொல்கிறேன்

'காசு வாங்காமல் எழுதுகிறவன் மடையன்' என்று ஒரு ஆங்கில எழுத்தாளர் சொன்னாராமே! என்ன பேராசை இது?
(கும்பகோணம் வாசகர்)

சொன்னவர் சாமுவேல் ஜான்சன், 1776-இல். கூடவே திரிந்த பாஸ்வெல் அதைக் குறித்துவைத்தார். பேராசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1759-இல் ஜான்சனின் தாயார் இறந்தபோது ஈமச்செலவுக்கும், அந்த அம்மாள் வைத்துவிட்டுப் போன சில்லறைக் கடன்களுக்கும் வழி பண்ண வேண்டியிருந்தது. ஒரே வாரம், அதிலும் மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்து 'ராசெலஸ்' என்ற கதையை எழுதி முடித்தார். காசின் அருமை தெரிந்த வாய்தான் அப்படிப் பேசியது.

எனக்கு வந்த முதல் சன்மானம் 75 ரூபாய் மணியார்டர். நான் மடையன் இல்லை என்று வீட்டில் ஒருவழியாக ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஜான்சன் அகராதியில்கூடக் குறும்பு செய்தவராமே?
(மதுரை வாசகி)

1755-இல் வந்த அகராதி. ஓட்ஸ் என்றால், 'இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர் உண்பது' என்று பொருள் எழுதினார். (பாஸ்வெல் ஸ்காட்லாந்துக்காரர், பாவம்.) அகராதி எழுதுகிறவனுக்கு, 'தீங்கில்லாமல் மாடாய் உழைப்பவன்'.

பென்ஷனில்தான் மாட்டிக்கொண்டார். 'நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசாங்கம் தன் கூலியாளுக்குத் தரும் சம்பளம்' என்று எழுதியிருந்தார். 1762-இல் அவருக்கே ஆண்டுக்கு 300 பவுன் பென்ஷன் வந்தது. வாங்கலாமா என்று ஓவியர் ரெனால்ட்ஸிடம் யோசனை கேட்டார். அப்புறம் வாங்கிக்கொண்டார். நானும் வாங்கியிருப்பேன்.

எழுத உட்கார்ந்தால் மூடு வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
(சேலம் வாசகர்)

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப்பிடம் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். தபால் இலாகா உத்தியோகஸ்தர். விடியற்காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். முதல் அரை மணி, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது. அப்புறம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். ஆபீஸ் வேலையில் இருந்தபோதும், அதை விட்ட பிறகும், இப்படியே சேர்ந்தவை 47 நாவல்கள்.

1883-இல், அவர் இறந்த மறுவருஷம், சுயசரிதை வெளிவந்தது. தினமும் காபியோடு வந்து தன்னை எழுப்பிய குதிரைக்காரக் கிழவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்ததாகவும், தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறார்.

இதை வீட்டில் படித்துக் காட்டியது தப்பாகப் போயிற்று. இத்தனை வருஷக் காபிக்கு, வருஷத்துக்கு ஐந்து பவுன் வீதம் நகைக்கடைக் கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது.