பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா?

ஒட்டலாம் அண்ணாச்சி. ஆனால் உங்கள் பாளையங்கோட்டை வீட்டுக் குளியலறையின் வெளிச்சுவரில் ஈரம் ஊறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஒரு டைல்கூட வாங்காதீர்கள். கசிவை உள்ளே வைத்து மூடினால் கையில் இருக்கிற 15 ஆயிரமும் வீண்.

தண்ணீர் போகும் ஜாலியைச் சுற்றியுள்ள சிமெண்ட் விட்டிருக்கும் என்பது என் கணிப்பு. பழைய குளியலறைகளில் முதலில் தளர்வது பெரும்பாலும் அந்த இடம்தான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜாலியைப் பாலிதீன் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, வாசல்படி தாண்டாத அளவுக்கு ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். வெயிலில் கொஞ்சம் குறைவது சகஜம். நன்றாக இறங்கிச் சுவரில் ஈரமும் கூடினால் கோளாறு தரையில். மட்டம் இறங்காமலே ஈரம் நீடித்தால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகப்படுங்கள். மாடி என்றால் கீழ்வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தளத்தில் விரிசல் தெரிந்தால் தண்ணீர் நிறுத்தவே வேண்டாம்.

கசிவைச் சரிசெய்த பிறகு, ஒட்டுவதற்கு முன் பழைய டைல்களை ஒரு நாணயத்தால் தட்டி, பொள்ளல் சத்தம் வருவதையெல்லாம் பெயர்த்துவிடுங்கள். வழவழப்பான டைல் மேல் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) பிடிக்காது, டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்றே பசை இருக்கிறது, மூட்டையில் போட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். தரை அரை அங்குலமாவது உயரும், கதவு இடிக்குமா என்று இப்போதே அளந்துகொள்ளுங்கள்.