வறண்ட நிலத்தில் நெல்: நெல்லைச் சீமையிலிருந்து ஒரு பதில்

மழை குறைந்த பகுதிகளில் நெல் பயிரிடும் வழக்கம் எப்படி வந்தது, அது நீர்வளத்தை எவ்வளவு பாதித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாங்குநேரிப் பக்கம், ஆற்றுப் பாசனம் எட்டாத, வானம் பார்த்த குளம் ஒன்றை நம்பியிருந்த ஊரில் பிறந்தவன். ஆகவே எனக்குப் பழக்கமான நிலத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

எங்கள் சீமையில் நெல் நேற்று வந்த பயிரன்று. தாமிரபரணிப் பகுதியில் உள்ள சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றினுள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வில் தெரியவந்ததாக 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இத்தனைக்கும் நெல்லைச் சமவெளி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் எங்களுக்கு வேறு பெருமழை கிடையாது. ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினாலும் பல இடங்களில் 800 மி.மீ.யைத் தொடுவதில்லை. ஆனால் மாஞ்சோலை மலையில் நாலுமுக்கு, ஊத்து போன்ற இடங்களில் 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. ஆற்றங்கரை வயல்களில் கார் (ஆனியில் தொடங்குவது), பிசானம் (ஐப்பசியில் தொடங்குவது) என்று இரண்டு போகம் விளைந்ததற்கு அந்த மலைமழைதான் காரணம். தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஏழு ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. சுமார் 86,000 ஏக்கருக்கு இவற்றின் கால்வாய்கள் நீர் தருகின்றன. எனவே ஆற்றுப் பாசனத்தில் விளையும் நெல்லை ‘வறண்ட நிலத்து நெல்’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆற்றை விட்டு விலகிய ஊர்களின் கதை வேறு. எங்கள் ஊரில் எவ்வளவு நெல் நட வேண்டும் என்பதைக் குளம்தான் தீர்மானித்தது. கார்த்திகையில் பெரியவர்கள் கரையில் நின்று நீரைப் பார்ப்பார்கள். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்த ஆண்டில் வயல் முழுவதும் நடவு நடக்கும்; பாதிக் குளம் பெருகியிருந்தால் மடைக்கு அருகிலுள்ள வயல்களில் மட்டும் நெல் நட்டு, கடைமடையில் உளுந்தோ பாசிப்பயறோ விதைப்பார்கள்; பெருகாத ஆண்டில் நாற்றே பாவமாட்டார்கள். கிணற்று நிலத்தில் மாடு பூட்டிக் கமலை இறைத்து நெல் வைத்தவர்களும் உண்டு. ஆனால் மாடுகள் இழுக்கும் அளவுக்கு மேல் அவர்களால் இறைக்க முடியாது. அதிக நிலத்தில் நெல் வைக்க ஆசைப்பட்டாலும் நீர் இடம் கொடுக்கவில்லை.

அந்தக் கட்டுப்பாடு போனதுதான் என் பார்வையில் இந்த வரலாற்றின் மையம். 1966-இல் ஐ.ஆர். 8 என்ற அதிக விளைச்சல் தரும் நெல் ரகம் வந்தது, 1986-இல் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து குறுகிய காலத்தில் விளையும் அம்பை 16 ரகம் வந்தது. 1990-இல் உழவர்களின் பம்புசெட்டுகள் அனைத்துக்கும் மின்சாரம் இலவசமானது. நெல்லுக்கு அரசு ஆதார விலை இருந்தது. ரேஷன் அரிசி வீடுதோறும் வந்தபின் கம்பையும் சோளத்தையும் உண்பவர்கள் குறைந்தார்கள். இத்தனையும் சேர்ந்த பிறகு, குளம் பெருகாத ஆண்டிலும் நெல் வைக்கலாம் என்றாகிவிட்டது. என் தந்தையும் அப்படித்தான் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கோடையில் நெல் வைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டிய ஒருவருக்கு, விற்பனைக்கு உறுதியுள்ள பயிர் அது ஒன்றாகவே இருந்தது. ஆனால் அறுபதடிக் கிணறு வற்றியதையும், 200 அடியில் தொடங்கிய துளை 450 அடிக்குப் போனதையும் நான் கூடவே இருந்து பார்த்தேன்.

நீர்க்கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர் தேவை. ஓர் ஏக்கரில் ஒரு மி.மீ. என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர் என்பதால், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் ஆகிறது. இரண்டு டன் விளைந்தால் ஒரு கிலோ நெல்லுக்கு 2,400 லிட்டர். உளுந்துக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டியதில்லை. எனினும் இந்த 48 லட்சமும் அழிந்துபோவதில்லை. கணிசமான பகுதி மண்ணில் இறங்குகிறது. ஆற்றுப் பாசனத்தில் மேல்வயலில் இறங்கும் நீர் கீழேயுள்ள கால்வாய்க்கும் ஊர்க் கிணறுகளுக்கும் ஊறி வருகிறது. அங்கே அதை வீண் என்று சொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணற்று நெல்லில் அப்படியில்லை. எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தங்கும் நீரின் அளவு சிறியது. வயலில் ஆவியாகும் பங்கு ஒவ்வொரு போகத்திலும் அந்தச் சிறிய இருப்பிலிருந்து கழிந்துகொண்டே இருக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியதற்கும் அளவுக்கு மீறி இறைத்தது ஒரு காரணம். (நெல் மட்டுமே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை; கிணற்றுப் பாசன வாழைக்கு இதைவிடக் கூடுதலாக நீர் வேண்டும்.)

பஞ்சாபில் இதே வரலாறு பன்மடங்கு பெரிதாக நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே இரண்டு லட்சத்துச் சொச்சம் ஹெக்டேரில் இருந்த நெல் இன்று 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிலத்தடி நீர் இறங்கியதால், ஜூன் 10-க்கு முன் நடக்கூடாது என்று 2009-இல் சட்டமே போட வேண்டி வந்தது.

சிக்கனத்துக்கு வழிகள் உண்டு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையில், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். நான் செய்து பார்த்தேன், விளைச்சல் குறையவில்லை. இராமநாதபுரத்தில் மழைக்கு முன்பே புழுதியில் நெல்லை விதைத்துவிடுகிறார்கள். குழியடிச்சான் போன்ற பழைய ரகங்கள் அந்த வறட்சியைத் தாங்கும். ஆனால் மின்சாரம் இலவசமாக இருக்கும்வரை, ஒருவர் மிச்சப்படுத்தும் நீரை அவரே இன்னும் அரை ஏக்கர் சேர்த்து நட்டுச் செலவழித்துவிடுகிறார். இதை எங்கள் ஊரிலேயே கண்டேன்.

இப்போது எங்கள் நிலத்தில் குளம் பெருகும் ஆண்டில் மட்டும் பிசானத்துக்கு நெல் வைக்கிறோம். மற்ற ஆண்டுகளில் உளுந்துதான். கிணற்றில் நீர் இன்னும் ஏறவில்லை. சுற்றிலும் உள்ள துளைகள் அதே பாறை வெடிப்பிலிருந்துதான் இறைக்கின்றன. அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் சேர்ந்து நிறுத்தினால்தான் மட்டம் உயரும் என்பதால், இந்தத் தை மாதத்தில் நடக்கும் குளத்துக் கூட்டத்தில் கோடை நெல்லைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.