துடைப்பத்தை எடுத்தாலே தும்மல்!

பொங்கலுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்த கையோடு எழுதிய கடிதங்கள் போலிருக்கிறது. ஏறக்குறைய எல்லோருக்கும் தும்மல்தான் பிரச்சினை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வீடு சுத்தமாகிவிட்டது என்று மூச்சிரைப்புக்கான இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

தினமும் இரண்டு வேளை வீட்டைப் பெருக்குகிறேன். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். தூசி எங்கிருந்து வருகிறது?

'கண் விழித்ததும்' என்று விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். தரையை விடுங்கள், படுக்கையைப் பாருங்கள். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது தூசி உண்ணி. கால் மில்லிமீட்டர் அளவுதான். கடிக்காது, கண்ணுக்கும் தெரியாது. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இதுதான் முக்கியக் காரணம் என்பதை 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். தும்மலைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சம். எட்டு மணி நேரம் அதில் முகம் புதைத்துத் தூங்கிவிட்டுக் கூடத்தைப் பெருக்கி என்ன பயன்?

இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் திண்டாடிவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அதற்கு அந்தக் கவலையே இல்லை.

மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் ஓரளவு போகும், உண்ணி பிழைத்துக்கொள்ளும். இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டுத் தட்டுவார்களே பாட்டிமார், அது அருமையான பழக்கம். வெயிலில் உண்ணி காய்ந்து சாகும். ஆனால் செத்த உண்ணியும் எச்சமும் மெத்தையிலேயே கிடக்கும் என்பதால் தட்டுவதை விட்டுவிடக் கூடாது. தட்டுகிறவர் மட்டும் நீங்களாக இருக்க வேண்டாம்.

பெருக்கும்போதுதான் எனக்கு அதிகம் தும்மல் வருகிறது. வேலைக்கு ஆள் வைக்க வசதியில்லை.

உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்பிவிட்டு வேறிடத்தில் உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். அலமாரி, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடையுங்கள். தரையையும் பெருக்குவதைக் குறைத்து ஈர மாப்பால் துடையுங்கள். மேலிருந்து கீழே வர வேண்டும். மின்விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறை ஒன்றை மாட்டி உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழும். முதலில் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் வேறு அறையில் இருங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா?

முதலில் மெத்தை உறை வாங்குங்கள். உண்ணியின் எச்சம் கனமானது. கிளம்பினாலும் அரை மணி நேரத்துக்குள் படிந்துவிடும். மேசை மேலிருக்கும் இயந்திரம் தலையணைக்குள் கிடப்பதை எப்படி இழுக்கும்?

குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடி பொம்மையை வெந்நீரில் போட்டால் வீணாகிவிடும். என்ன செய்வது?

பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீரில் துவைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

மழைக்காலம் வந்தால் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிடுகிறது. பிளீச்சிங் பவுடரால் துடைத்தும் திரும்ப வருகிறது.

வரத்தான் செய்யும். அது பூஞ்சை, ஈரம் இருக்கும்வரை இருக்கும். மேல் தளத்துக் குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா என்று பார்த்து அடையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். படுக்கையறையில் ஈரத் துணி காயப்போடாதீர்கள். கறுப்பின் மேலேயே பெயின்ட் அடிப்பது பணத்துக்குக் கேடு. இன்னொன்று: பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைச் சுட்டுவிடும். கறை சீக்கிரம் போகும் என்று யார் சொன்னாலும் இரண்டையும் சேர்க்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுகிறோம். பூச்சி, கிருமி எல்லாம் போய்விடும் அல்லவா?

சாமிக்குப் போடுவதென்றால் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் மெத்தைக்குள் இருக்கும் உண்ணியை அது ஒன்றும் செய்யாது. மூச்சிரைப்பு உள்ளவர்களின் மூச்சுக்குழாயைப் புகை சுருக்கிவிடும். கொசுவர்த்திக்கும் இதே பதில்தான். பூச்சி என்று நீங்கள் சொல்வது கரப்பான் என்றால் அதன் எச்சமும் உதிரும் தோலும் ஒவ்வாமையைத் தரும். புகையையும் ஸ்பிரேயையும் விட, மூலைகளில் புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல் நல்லது. எச்சில் பாத்திரங்களை இரவு முழுக்கத் தொட்டியில் போட்டு வைக்காதீர்கள். கரப்பான் ஒழிந்த பிறகு அடுக்களை அலமாரிகளைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மகளுக்குத் தும்மல் என்று பூனையை ஒரு வாரம் அம்மா வீட்டில் விட்டுப் பார்த்தோம். குறையவே இல்லை. அப்படியானால் பூனை காரணமில்லையா?

ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. காரணம் முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதம். அது மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு சோபாவிலும் திரைச்சீலையிலும் படிந்துவிடும். பூனை போன பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும். முதலில் மகளுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வரும்வரை பூனை வீட்டில் இருக்கட்டும், மகளின் படுக்கையறைக் கதவு மட்டும் சாத்தியிருக்கட்டும்.