பதில்: சுவிஸ் குடியுரிமை நேர்காணல் பயம்

வணக்கம் சகோதரி. சி பெர்மிட் (நிரந்தர வதிவிட அனுமதி), டொச் (ஜெர்மன் மொழி) பி1 நிலை எல்லாம் இருந்தும், "நீங்கள் ஊரோடு கலப்பதில்லை" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதிலிருந்து நேர்காணலை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். பயம் நியாயம்தான். 2000இல் எம்மென் என்ற சுவிஸ் ஊரில் யாருக்குக் குடியுரிமை என்று ஊர்மக்களே வாக்குச்சீட்டில் முடிவெடுத்தபோது இத்தாலியர்களை ஏற்று, முன்னாள் யூகோஸ்லாவியாக்காரர்களைத் தள்ளினார்கள்.

ஆனால் 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முறையே அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. இன்று மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். ஆர்த் என்ற ஊரில், சுமார் 30 வருடம் சுவிஸில் வாழ்ந்த இத்தாலியரை மறுத்த காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? விலங்குப் பூங்காவில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்பில் இருப்பது அவருக்குத் தெரியவில்லையாம்! 2020இல் வெளியான தீர்ப்பில் அவருக்குக் குடியுரிமை கொடுக்கச் சொல்லிவிட்டது அதே நீதிமன்றம்.

சரி, நேர்காணலுக்கு வருவோம். கோயிலையும் தமிழ்ப் பள்ளியையும் மறைக்க வேண்டாம். ஆனால் சுவிஸ் ஊர்க்காரர்கள் 'கலப்பது' என்றால் பெரும்பாலும் சங்கங்களைத்தான் நினைக்கிறார்கள்: பாட்டுக்குழு, உடற்பயிற்சிக் குழு, தீயணைப்புத் தொண்டர்கள். பிள்ளையின் உதைபந்தாட்டக் குழுவுக்குக் கேக் சுட்டுக் கொடுத்திருந்தால்கூட, அதையும் சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பக்கத்து வீட்டம்மாவை ஒருநாள் தேநீருக்குக் கூப்பிடுங்களேன்.