ஜங்ஷனும் ஒரு வாய்த் தண்ணீரும்

அன்புள்ள அக்கா,

நான் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவன். இப்போது ஹூஸ்டனில் வேலை. அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கும் முன், ஆகஸ்டில் எங்கள் அணியின் பயிற்சிக்குப் பார்வையாளரை அனுமதிக்கும் நாள் அமைந்தால் விடுப்பு எடுத்துப் போய்விடுவேன். ஆட்டம் பார்ப்பது சரி, பயிற்சி பார்க்க விடுப்பா என்கிறாள் மனைவி. 48 வயதில் இது சிறுபிள்ளைத்தனமா? வீரர்கள் பணத்துக்காக அணி மாறும் காலத்தில் இந்தப் பற்றுக்குப் பொருள் உண்டா? ஒரு குறையும் உண்டு. இப்போது பையன்களுக்கு அடிக்கடி தண்ணீர் கொடுத்து நிறுத்துகிறார்கள். 1954-இல் டெக்சாஸின் ஜங்ஷன் என்ற சிற்றூரில் எங்கள் அணி நடத்திய கடும் பயிற்சி முகாமில் உருவான அந்த உரம் எங்கே போயிற்று?

அன்புள்ள தம்பிக்கு,

சிறுபிள்ளைத்தனம் இல்லை. சனிக்கிழமை உங்கள் பல்கலைக்கழக மைதானமான கைல் ஃபீல்டில் கூடும் ஒரு லட்சம் பேரும் பந்து போகும் திசையைத்தான் பார்ப்பார்கள். ஆகஸ்டில் போகும் நீங்களோ, முன்வரிசையில் மோதி நிற்கும் லைன்மேன் முதல் அடி வைக்கும்போது அவன் கைகள் எங்கே போகின்றன என்பதையும், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு மூன்றாவது ஆளாக இருப்பவன் தன் முறைக்காக எப்படிக் காத்து நிற்கிறான் என்பதையும் பார்க்கிறீர்கள். பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் இறங்காமலே போகக்கூடிய அந்தப் பையன்களின் உழைப்புக்கு உங்களைப் போன்ற சிலர்தான் சாட்சி. பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இத்தனை பேர் காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கும் ஒரு பங்கு போவதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படி விட்டுவிட முடியாது. ஜங்ஷனில் நடந்தது என்னவென்று தெரிந்துதான் எழுதினீர்களா? 1954 செப்டம்பரில், கடும் வறட்சியில், புதிதாக வந்த பயிற்சியாளர் பேர் பிரையன்ட் உங்கள் அணியை அந்தச் சிற்றூருக்குக் கொண்டுபோய்ப் பத்து நாள் வாட்டினார். களத்தில் தண்ணீர் கிடையாது. இரண்டு பேருந்துகளில் போனவர்கள் ஒன்றில் திரும்பினார்கள் என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. பாதியில் விலகிப்போன பையன்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் வெயில் தாக்கிச் சுருண்டு விழுந்து உயிர் பிழைத்தார். அந்த ஆண்டு அணி பத்து ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. பிரையன்டின் நீண்ட வாழ்க்கையில் தோல்விகள் மிகுந்த ஒரே பருவம் அதுதான். 1956-இல் வட்டாரப் பட்டம் வந்ததே என்பீர்கள். அந்த அணியின் தூணாக இருந்து, மறு ஆண்டே சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற ஜான் டேவிட் க்ரோ 1954-இல் முதலாண்டு மாணவர். ஜங்ஷனுக்குப் போனவரே இல்லை. பின்னாளில் பயிற்சியாளரான ஜீன் ஸ்டாலிங்ஸ் போன்றவர்கள் அந்த முகாமைத் தாங்கிப் பெரிய ஆளானார்கள் என்றால் அது அவர்களுடைய திறம். தாகத்துக்கு அதில் என்ன பங்கு?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். 1999 ஆகஸ்டில், டெக்சாஸில் ஒரு பள்ளியில் என் மகன் லைன்மேனாகப் பயிற்சிக்குப் போனான். மற்றத் தாய்மாரோடு நானும் வேலியோரம் நிற்பேன். பயிற்சியாளர் ஓடச் சொன்னபோதெல்லாம் நாங்கள் கைதட்டினோம். மூன்றாம் நாள் மாலை அவன் வரிசையை விட்டு விலகி, நேராக நடக்க முடியாமல் வட்டமாக நடந்தான். என்னைப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. வேறொரு பையனின் தந்தை ஓடிவந்து, தலைக்கவசத்தையும் தோள்கவசத்தையும் கழற்றி, குளிர்பெட்டிகளில் இருந்த ஐஸ் தண்ணீரை எல்லாம் அவன் மேல் கொட்டினார். அந்தத் தண்ணீரால் பிழைத்தான். இரவு மருத்துவமனையில் ஏன் தண்ணீர் கேட்கவில்லை என்றேன். "நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அம்மா" என்றான்.

தம்பி, கவசத்துக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை; கனத்த உடம்பில் சூடு தங்கிவிடும்; முதல் சில நாட்களில் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்காது. அதனால்தான் கவசங்களை ஐந்து நாட்களில் படிப்படியாக அணிய வேண்டும் என்று 2003-இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு விதி செய்தது. ஒரே நாளில் இருமுறை மோதிப் பயிற்சி செய்வதை 2017-இல் நிறுத்தியது. 2021-இல் அந்த ஐந்து நாளை ஏழாக்கியது. நீங்கள் இளக்காரமாகப் பார்த்த இடைவேளைக்குப் பின்னால் இறந்துபோன பையன்கள் இருக்கிறார்கள்.

களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர்; உங்கள் பல்கலைக்கழகம் ரசிகர்களைப் பன்னிரண்டாம் ஆள் என்கிறது. 1922 ஜனவரி 2 அன்று டல்லாஸில் ஆட்கள் குறைந்தபோது, பார்வையாளர் பக்கத்திலிருந்து இறங்கிவந்து சீருடை அணிந்து நின்ற கிங் கில் என்ற மாணவர் கடைசிவரை ஆடவே இல்லை. தேவைப்பட்டால் இறங்குவேன் என்று நின்றார், அவ்வளவுதான். அடுத்த ஆகஸ்டிலும் போங்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் ஐஸ் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பையன் தண்ணீருக்காக நின்றால், அப்போது கைதட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா