குடல் புண் ஆற நெய்யை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: வயது 31. மூன்று வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண் நோய்), அதற்கு மெசலமின் மருந்து சாப்பிடுகிறேன். புண் ஆறும்வரை எண்ணெய், நெய் கூடாதென்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆறு கிலோ குறைந்துவிட்டேன். மீன் எண்ணெய் மாத்திரை உதவுமா? மூட்டு வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக் போடுகிறேன்.

பதில்: முதலில் அந்த டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். நெய்க்கு அப்புறம் வருகிறேன்.

குடலில் புண் ஆறும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. நம் செல்களின் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்துதான் உடல் அதைத் தயாரிக்கிறது. குடலைக் காக்கும் சளிப் படலத்துக்கும், புண்ணான இடத்தில் புதுச் செல்கள் வளர்வதற்கும் அது தேவை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை அது உருவாவதையே தடுத்துவிடும். மாத்திரை போட்ட நாட்களை ஒட்டி மலத்தில் ரத்தம் கூடியதா என்று யோசித்துப் பாருங்கள். மூட்டு வலியும் பல சமயம் இந்த நோயின் பகுதிதான். உங்கள் குடல் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அதுவரை பாராசிட்டமால் போதும்.

இப்போது நெய். உணவிலுள்ள கொழுப்பு பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். உங்கள் புண் இருப்பது பெருங்குடலில். அளவான நெய்யோ நல்லெண்ணெயோ புண்ணைக் கிளறாது. முழுக்க நிறுத்தினால் எடை குறையும், ஏ, டி, இ, கே வைட்டமின்களும் சரியாகச் சேராது. தாளிக்க ஒரு ஸ்பூன், சாதத்தில் ஒரு ஸ்பூன் என்று தயங்காமல் தொடங்குங்கள். பொரித்த பண்டங்கள் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். (இதே வகையைச் சேர்ந்த இன்னொரு குடல் அழற்சியான குரோன்ஸ் நோயில் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களின் கதை வேறு. பித்த உப்பு வீணாவதால் அவர்களுக்குக் கொழுப்பு செரிக்காமல் போகலாம்.)

பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலம். நெய்யிலும் இது கொஞ்சம் உண்டு. ஆனால் பெருங்குடல்வரை போய்ச் சேராது. அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள்தான் நார்ச்சத்திலிருந்தும், பழைய சோற்றில் உள்ள செரிக்காத மாவுச்சத்திலிருந்தும் அதைத் தயாரிக்கின்றன. ரத்தப்போக்கு அடங்கிய பிறகு பழைய சோறு, குழைய வெந்த வாழைக்காய் என்று மெல்லச் சேர்த்துப் பாருங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். குரோன்ஸ் நோயாளிகளுக்குத் தினமும் 4 கிராம் ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பு) கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2008-ல் வெளிவந்தன. நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. மீன் சாப்பிடுபவர் என்றால் வாரம் இருமுறை மத்திக் குழம்பு வையுங்கள், காரம் குறைத்து. மெசலமினை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்.

ஆறு கிலோ குறைந்ததற்குப் பத்தியம் மட்டுமே காரணம் என்று நான் விட்டுவிட மாட்டேன். ஹீமோகுளோபின், வைட்டமின் டி, மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். நாளுக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு மலம் போனாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.